வெள்ளை வேண்டாம் என்றாள்

அந்த டியூப்லைட் சாகவில்லை. எலெக்ட்ரிக் கடையின் கண்ணாடி மேஜை முன்னால் நின்று, கூரை முழுக்கத் தொங்கிய விளக்குகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த தவசிமுத்துவின் மனசு அந்த ஒரு இடத்தை விட்டு நகர மாட்டேன் என்றது. போன மாசம் ஒருநாள் சாயங்காலம் அவர் உப்பளத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது ஹாலில் எங்கிருந்தோ தேடி எடுத்த பழைய குண்டு பல்பு ஒன்று அழுது வடிந்துகொண்டிருந்தது. டியூப்லைட் செத்துப்போச்சு, கழற்றி வைத்துவிட்டேன் என்று சுயம்புக்கனி அடுப்படிக்குள் இருந்தே சொன்னாள். சரி என்றார். பெண்டாட்டி டியூப்லைட் செத்துப்போச்சு என்று சொன்னால் அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது? புதுசு வாங்கிவரவா என்று கேட்டதற்கு, இப்ப என்ன அவசரம், மகள் அனுசியா வளைகாப்புக்கு வரும்போது எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம் என்றாள். அதுவும் சரி. ஆனால் இன்று காலையில் தண்ணீர் மோட்டார் இறைக்கவில்லை என்று ஸ்பேனர் தேடிப் பின்னறைக்குப் போனபோது, அங்கே விளக்கு இல்லாத வெறும் டியூப்லைட் பட்டி ஒன்று சுவரில் இருந்ததையும், கதவுக்குப் பின்னால் அந்த டியூப்லைட் சாத்திக் கிடந்ததையும் அவர் பார்த்தார். சும்மாதான் எடுத்து மாட்டினார். செத்துப்போனதை எடுத்து மாட்டிப் பார்க்கத் தோன்றுவதுதான் அவருடைய புத்தி. சுவிட்சைத் தட்டினார். இரண்டு தரம் சிமிட்டிவிட்டு, அறை முழுக்கப் பால் கொட்டியதுபோல எரிந்தது. சாரத்தை மடித்துக் கட்டியபடி அந்த வெளிச்சத்தில் அவர் அப்படியே நின்றார். குளியலறையில் அவள் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. சட்டென்று விளக்கை அணைத்து, கழற்றி, இருந்த இடத்தில் இருந்த மாதிரியே சாத்தி வைத்தார். ஏன் அப்படிச் செய்தோம் என்பது வேலைக்குப் போகிற வழியெல்லாம் அவருக்கு விளங்கவில்லை. பொய் சொன்னது அவள். திருடனைப் போல விளக்கை அணைத்தது இவர்.

என்ன வேண்டும் என்று மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் இரண்டாம் தரமாகக் கேட்டாள். ஜான்சி என்று கல்லாவில் இருந்தவர் அவளைக் கூப்பிட்டது காதில் விழுந்திருந்தது. வீட்டுக்கு பல்பு என்றார். எந்த அறைக்கு என்றாள். எல்லா அறைக்கும் என்றார், மஞ்சள். வெள்ளை வேண்டாம். சொல்லும்போதே அது தன்னுடைய வார்த்தை இல்லை, அவளுடைய வார்த்தை என்று உறைத்தது. காலையில் சாப்பாட்டுத் தூக்கை நீட்டிக்கொண்டே அப்படித்தான் சொன்னாள், முகத்தைக் கதவு நிழலுக்குள் வைத்துக்கொண்டு. வரும்போது மஞ்ச பல்பு வாங்கிட்டு வந்துருங்க, ஹாலு, ரூமு, அடுப்படி எல்லாத்துக்கும், வெள்ளை வேண்டாம். இத்தனை வருஷமாக மஞ்சள் விளக்கைக் கண்டாலே ஆகாதவள் அவள். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டில் குண்டு பல்புதான் இருந்தது. மாட்டுத்தொழுவம் மாதிரி இருக்கு, அரிசியில கல்லு எது நெல்லு எதுன்னு தெரியலை என்று சண்டை போட்டு, அவளே கடைக்குப் போய் முதல் டியூப்லைட்டை வாங்கி வந்து மாட்டவைத்தாள். அப்படிப்பட்டவளுக்கு இப்போது மஞ்சள் பிடித்துவிட்டது. மனுஷருக்குப் பிடித்தது மாறலாம். மாறட்டும். ஆனால் பிடித்தது மாறினால் பிடித்தது மாறிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே, எரிகிற விளக்கை எதற்குச் சாகடிக்கவேண்டும்?

அவருக்குச் சந்தேகம் என்பது தொழில். உப்பு வாங்குகிற கம்பெனிக்குத் தரம் பார்த்துச் சொல்கிறவர். அம்பாரமாகக் குவித்து வைத்திருக்கிற உப்பில், வெளியே மல்லிகைப் பூ மாதிரி வெள்ளையாக ஒரு பூச்சுப் பூசிவிட்டு, உள்ளே பழுப்பும் கலங்கலுமாக வைத்திருப்பார்கள். இவர் போய் முழங்கை வரை கையை விட்டு உள்ளே இருப்பதை அள்ளி எடுத்து வெயிலில் காட்டிப் பார்ப்பார். சூரியன் சாய்ந்தபிறகு வந்து பாருங்கள் என்று எவனாவது கூப்பிட்டால் அங்கேயே தெரிந்துவிடும், போகவே மாட்டார். தவசிமுத்து தன் நிழலையும் திரும்பி ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் நடப்பான் என்று அளத்தில் கேலி பேசுவார்கள். பேசட்டும். ஆனால் அந்தக் கையை வீட்டுக்குள் அவர் கொண்டுபோனதில்லை. கொண்டுபோனதில்லையா? அனுசியா கல்லூரிக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் போய் மறைந்து நின்று பார்த்தவர் யார்? சரி, அது பெண்பிள்ளை என்கிற பயம். கனியை அப்படிப் பார்த்ததில்லை. பார்க்க நேரமும் இருந்ததில்லை. உப்பு விளைகிற காலம் இது. கிழக்கு வெளுக்கும் முன்னால் வண்டியை எடுத்தால் விளக்கு வைத்தபிறகுதான் திரும்புவது. ஞாயிற்றுக்கிழமை ஒன்று பாக்கி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் இப்போது அவளுடைய தம்பிக்குப் போய்விட்டது. இரண்டு மாசமாக ஞாயிறு தவறாமல் பாளையங்கோட்டைக்குத் தம்பி வீட்டுக்குப் போகிறாள். காலையில் இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்பி வருகிறாள்.

அந்த இடத்தில் மனசு டக்கென்று நின்றது. தம்பி. சுடலைமாடன். வீடு வாங்கி விற்றுக் கொடுக்கிற தரகன். போன தடவை வீட்டுக்கு வந்தபோது ஹாலின் நடுவில் நின்று, மேலே பார்த்து, கீழே பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் அக்காளோடு அடுப்படிக்குள் போனான். இவர் நுழைந்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுகிறாள், குரல் வருவதில்லை, ம் என்கிற சத்தம் மட்டும் வருகிறது. வீட்டை விற்கப் பார்க்கிறார்களா? பக்கத்துத் தெருவில் இதே மாதிரி ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டினார்கள். விற்பதற்கு முன்னால் வீட்டை ஜோடிப்பார்கள். மஞ்சள் விளக்கில் எந்த வீடும் லட்சணமாகத் தெரியும் என்று சுடலைமாடனே ஒரு தரம் சொல்லியிருக்கிறான், வாங்க வர்ற பார்ட்டிகிட்டக் காட்டும்போது சாயங்காலமா வரச்சொல்லணும் அத்தான், லைட்டைப் போட்டுக் காட்டணும் என்று. இதோ, எல்லாம் பொருந்துகிறது. பொருந்துகிறதே என்பதில் அவருக்கு ஒரு திருப்திகூட வந்தது. ஆனால் வீடு அவர் பேரில் அல்லவா இருக்கிறது? அவர் கையெழுத்து இல்லாமல் எப்படி விற்பார்கள்? பொருந்தியது விட்டுப்போயிற்று. அப்படியானால் மஞ்சள் எதற்கு? மஞ்சள் என்றதும் இன்னொன்று வந்து நின்றது. அவள் இப்போது முகத்துக்கு மஞ்சள் பூசிக் குளிக்கிறாள். கல்யாணமான புதிதிலேயே, சட்டையெல்லாம் கறையாகுது என்று பூசாதவள். இந்த வயசில், மகள் வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருக்கிற நேரத்தில், முகமும் கழுத்தும் கையும் மஞ்சள் மணக்க வந்து நிற்கிறாள். யாருக்காக? அந்தக் கேள்வியை அவர் அங்கேயே காலால் மிதித்தார். சீ. மிதித்த இடத்திலிருந்து அது மறுபடி தலையைத் தூக்கியது. வாய் ருசி போய்விட்டது என்று எண்ணெய்ச் சட்டியையே அடுப்பில் ஏற்றுவதில்லை, ரசமும் மோருமாகச் சாப்பிட்டு இடுப்பு சிறுத்திருக்கிறது, புடவை கொசுவம் முன்னைவிட அகலமாக வருகிறது. யாருக்காக?

ஜான்சி பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்திருந்தாள். வெளிச்சம் கம்மி ஆகுமா என்று கேட்டார், கேட்கவேண்டுமே என்பதற்காக. ஆகாது, வாட்டு ஒன்றுதான், நிறம்தான் வேறே என்றாள். நம்பவில்லை. பெட்டியைத் திருப்பி ஒரு எண்ணைக் காட்டி, இது சின்னதாக இருந்தால் மஞ்சள், பெரிதாக இருந்தால் வெள்ளை, இதைப் பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்றாள். இந்தப் பெண் பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறாளோ என்று ஒரு கண் அவளுடைய கை மேலேயே இருந்தது. படிக்கிற மேஜைக்கு வெள்ளை, படுக்கிற அறைக்கு மஞ்சள், ஹாலுக்கு அவரவர் இஷ்டம் என்று அவள் பாடமாக ஒப்பித்துக்கொண்டே போனாள். அடுப்படிக்கு என்று வந்தபோது அவராகவே, அதற்கும் மஞ்சள்தான் என்றார். அவள் கை நின்றது.

"அடுப்படிக்குமா அண்ணாச்சி? அடுப்படிக்கு யாரும் மஞ்சள் கேக்க மாட்டாங்களே."

வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள் என்றார். அவள் கொஞ்சம் யோசித்தாள். வீடு பழைய வீடா என்று கேட்டாள். ஆமாம் என்றார். சுவரில் கறை கிறை இருக்கிறதா என்றாள். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு எத்தனையோ பேர் மஞ்சள் கேட்டு வாங்கிப் போவதாகச் சொன்னாள்.

"சுவரு மஞ்சளடிச்சுப் போயிருந்தா வெள்ளை லைட்டு காட்டிக்குடுத்துரும் அண்ணாச்சி. மஞ்ச லைட்டுல ஒண்ணுமே தெரியாது."

அவர் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, மேஜை ஓரத்தில் இருந்த மூன்று தடுப்புப் பெட்டிக்குள் தன் கையை விட்டுக் காட்டினாள். மூன்று தடுப்பிலும் மூன்று விதமான விளக்கு எரிந்தது. காலையில் குழம்பு வைத்த கை. வெள்ளை விளக்கின் கீழே அவள் விரல் நகத்தில் மஞ்சள்தூள் கறை பளிச்சென்று தெரிந்தது, நகக்கண் ஓரமெல்லாம் வரி வரியாக. அதே கையை மஞ்சள் விளக்குக்கு நகர்த்தினாள். கறை இல்லை. துடைத்தெடுத்ததுபோல மறைந்திருந்தது. நகமும் விரலும் கையும் எல்லாம் ஒரே நிறமாக, நல்ல ஆரோக்கியமான நிறமாக இருந்தன. மறுபடி வெள்ளைக்கு. மறுபடி மஞ்சளுக்கு. தெரியுது, தெரியலை, தெரியுது, தெரியலை. போதும் என்றார் தவசிமுத்து. சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் வந்துவிட்டது. கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

அண்ணன் அய்யாத்துரை கட்டிலில் படுத்திருந்தான். எதற்காக இப்போது அண்ணன்? அரசாங்க ஆஸ்பத்திரி வார்டு, உயரமான கூரை, வரிசையாக டியூப்லைட். அண்ணனுடைய கண் இரண்டும் முட்டையின் மஞ்சள் கரு மாதிரி இருந்தன. அம்மா சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்துத் துடைத்து, லைட்டு அப்படி இருக்குய்யா, லைட்டு மஞ்சளா இருக்குல்லா, அதான் அப்படித் தெரியுது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மேலே வெள்ளை வெளேர் என்று எரிந்துகொண்டிருந்தது. யாரும் அண்ணாந்து பார்த்து அவளைப் பொய்யாக்கவில்லை. அம்மா வீட்டிலிருந்து ஒரு சொம்பில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவருவாள். பச்சையாக, கசப்பாக, குளத்தங்கரை மண் மாதிரி ஒரு வாசம். அந்த வாசம். அந்த வாசம் இப்போது மூக்கில் எப்படி வருகிறது? அண்ணன் போய் எவ்வளவு காலமாயிற்று. இல்லை, இது அந்தக் காலத்து வாசம் இல்லை, போன வாரத்து வாசம். போன வாரம் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனபோது மிக்ஸி ஜாரில் பச்சையாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. என்ன இது என்று முகர்ந்து பார்த்தார். தலைக்குத் தேய்க்க அரைத்தேன், முடி கொட்டுது என்றாள். சரி என்றார். எதற்கும் சரி சொல்லாத மனுஷர் அவளிடம் மட்டும் எத்தனை சரி சொல்லியிருக்கிறார். தலையில் தேய்ப்பதற்கு அரைத்தவள் ஜார் பக்கத்தில் மோர்க் கிண்ணத்தை எதற்கு வைத்திருந்தாள்?

இருக்காது. இரண்டு மாசமாக முகத்துக்கு மஞ்சள் பூசுகிறாள், பூசினால் தோல் மஞ்சளாகத்தானே இருக்கும், அதில் என்ன அதிசயம். ஆமாம், மஞ்சளாக இருந்தால் மஞ்சள் பூசியிருக்கிறாள் என்றுதானே யாரும் நினைப்பார்கள். நினைப்பார்கள். அதற்காகத்தான் பூசுகிறாளோ? வெள்ளை உப்பைக் கொண்டு கலங்கல் உப்பை மூடுகிறதுபோல. கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டார். கண்? கண்ணில் மஞ்சள் பூச முடியாதே. கடைசியாக அவள் கண்ணை எப்போது பார்த்தோம் என்று யோசித்தார். எவ்வளவு முயன்றும் வரவில்லை. அவள் சோறு போடும்போது குனிந்திருப்பது வந்தது, தூக்குவாளியை நீட்டும்போது கதவு நிழலில் இருப்பது வந்தது, படிக்கட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்து போனில் ம் என்பது வந்தது, கண் வரவில்லை. அளத்தில் கைப்பிடி உப்பை வெயிலில் காட்டி அதில் மயிரிழை அளவு பழுப்பைக் கண்டுபிடிக்கிறவர் கூடப் படுத்து எழுந்திருக்கிறவளின் கண்ணைப் பார்க்கவில்லை. சுடலைமாடன் வீட்டைத்தான் விற்கட்டுமே. தாராளமாக விற்கட்டும், இப்போதே போய்க் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அந்த இன்னொரு அசிங்கமான கேள்விகூட, சற்றுமுன் காலால் மிதித்தாரே அதுவும்கூட, உண்மையாக இருந்துவிட்டுப் போகட்டும், தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. எதையாவது ஒன்றை அவள் திருட்டுத்தனமாகச் செய்யட்டும். இது மட்டும் வேண்டாம்.

"மஞ்சளே போட்டுரவா அண்ணாச்சி?" என்று ஜான்சி கேட்டாள். வெள்ளை என்று சொல்ல வாயெடுத்தார். வெள்ளை வாங்கிப் போனால் அவளுக்குத் தெரிந்துவிடும், பெட்டியைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், தலைவலி என்று போய்ப் படுத்துக்கொள்வாள். மஞ்சள் என்று சொல்லலாம். மஞ்சள் என்று சொல்லிவிட்டால் ஒன்றுமே நடக்காது. இன்றைக்கு ஒன்றும் நடக்காது, நாளைக்கும் ஒன்றும் நடக்காது, வீடு முழுக்க நல்ல ஆரோக்கியமான நிறமாக இருக்கும். அம்மா அப்படித்தான் செய்தாள். இரண்டும் வேண்டாம் என்று திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். அவர் தடுமாறுவதைப் பார்த்து அந்தப் பெண், மனசு நிலையில்லாதவர்களுக்கென்றே ஒன்று இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே இன்னொரு பெட்டியை எடுத்தாள். ஒரே பல்புதான், சுவிட்சைப் போட்டால் முதலில் மஞ்சள். அணைத்துவிட்டு உடனே போட்டால் நடுவெளிச்சம். இன்னொரு தரம் அணைத்துப் போட்டால் சுத்த வெள்ளை. மாட்டிக் காட்டினாள். இதையாவது நம்பலாமா என்று அவரே இரண்டு தரம் அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஒன்று போதும், மற்ற அறைக்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி வாங்கிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தபோது மேற்கே இன்னும் வெயில் இருந்தது.

வெயிலைப் பார்த்ததும் அவருக்கு ஒரு வெறி வந்தது. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்விட்டால், எப்படியாவது ஒரு சாக்குச் சொல்லி அவளை வாசலுக்கு வரவழைத்துவிட்டால், விளக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஒரு நொடி போதும், பார்த்துவிடலாம். ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாமல் போனால் இந்தப் பல்பைக் கொண்டுபோய்க் கடலில் எறிந்துவிட்டு அவளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். வண்டியை முறுக்கினார். மீன் வண்டி ஒன்றைத் தாண்டி, மினி பஸ்ஸைத் தாண்டி வந்தால் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. வேண்டுமென்றே மூடியிருப்பதுபோல இருந்தது. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனது, பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல், பெட்டிகளின் இடுக்கு வழியாகச் சூரியன் துண்டு துண்டாகத் தெரிந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. பக்கத்தில் நின்றவன் ஹாரன் அடித்தான். தவசிமுத்து அடிக்கவில்லை. கடைசிப் பெட்டி போனபோது சூரியன் ஒரு கட்டிடத்துக்குப் பின்னால் போய்விட்டிருந்தது, வானம் மட்டும் வெளுத்திருந்தது. கேட் திறந்தது. அவருக்குள் எங்கேயோ ஒரு மூலையில் அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவைக் கேட்டதும் தன்மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது. கேட் மூடியிருக்கும் என்று தெரிந்துதானே இந்த வழியாக வந்தாய்? பாலத்து வழியாகப் போயிருக்கலாமே.

வீட்டில் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. சீக்கிரம் வந்துட்டீய என்றாள் சுயம்புக்கனி, அடுப்படி வாசலில் நின்றுகொண்டு. அளத்தில் லோடு இல்லை என்றார். கிட்டே வந்து அவர் கையில் காப்பியைக் கொடுக்கும்போது மஞ்சள் மணத்தது. அவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்திருக்கலாம், ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது, பார்க்கவில்லை. மஞ்சள்தான வாங்கியிருக்கீய என்று கேட்டாள். ஆமாம் என்றார். பொய் இல்லை. பொய் இல்லாமல் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சுவிட்சை அணைத்தார், ஹால் இருட்டாயிற்று. ஸ்டூலில் ஏறினார். அவள் வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள், எப்போதும் பிடிக்கிறதுபோல, முழங்கால் பக்கத்தில் அவள் மூச்சு பட்டது. குண்டு பல்பைக் கழற்றினார். இருட்டில் கை தானாகப் புதுப் பல்பைத் திருகி மாட்டியது. இறங்கிப் போய்ச் சுவிட்சைப் போட்டார்.

ஹால் தங்கமாக இருந்தது. சுவர், நாற்காலி, அனுசியாவின் கல்யாணப் போட்டோ, எல்லாம் புதிதாகத் துடைத்து வைத்ததுபோல. நடுவில் சுயம்புக்கனி அண்ணாந்து விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள், முகத்தில் ஒரு நிம்மதி. எவ்வளவு அழகாக இருந்தாள். பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு அழகாக இருந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. நல்லாயிருக்குல்லா என்று கேட்டாள். நல்லாயிருக்கு என்றார். கை சுவிட்சிலேயே இருந்தது. எடுத்துவிடு என்று சொல்லிக்கொண்டார். கையை எடுத்துவிட்டுப் போய் உட்கார், காப்பியைக் குடி, வளைகாப்புக்கு யாரையெல்லாம் கூப்பிடலாம் என்று கேள். எடுக்கவில்லை. அணைத்துப் போட்டார். தங்கம் கொஞ்சம் வெளுத்தது. என்னத்துக்கு அணைக்கீய என்று கேட்டுக்கொண்டே அவள் திரும்பினாள், கேள்வியின் பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது, குரல் அங்கேயே நின்றது. வேண்டாம் என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தார். சொல்லவில்லை. மறுபடி அணைத்தார். அந்த ஒரு நொடி இருட்டில் அவள் தலைப்பை முகத்துக்கு இழுக்கும் சரசரப்பு கேட்டது. அப்புறம் அந்தச் சரசரப்பு நின்றது. அவர் விளக்கைப் போட்டார்.

தலைப்பு தோளிலேயே இருந்தது. அவள் முகத்தை மூடவில்லை. வெள்ளை வெளிச்சத்தில், நேராக, அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூசிய மஞ்சள் கழுத்தோரத்தில் திட்டுத் திட்டாக ஒரு பக்கம் தெரிந்தது, அதற்கு அடியில் இருந்த மஞ்சள் வேறொன்றாகத் தெரிந்தது. கண்ணைப் பார்த்தார். பார்த்துவிட்டார்.

"ரொம்பத் தெரியுதா?" என்று கேட்டாள்.

லைட்டு அப்படி இருக்கு என்று அவர் வாய் வரைக்கும் வந்தது. அம்மாவின் குரலிலேயே வந்தது. அதை விழுங்கினார்.

"தெரியுது."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவரும் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். யாருக்குத் தெரியும் என்று கேட்டார். தம்பிக்கு மட்டும் என்றாள். அவன்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறான், அத்தான்கிட்டச் சொல்லிருவோம்க்கா என்று போனில் தினமும் மன்றாடுகிறான். பித்தக்குழாயில் என்னவோ அடைப்பு, அது என்ன அடைப்பு என்று பார்க்க வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும், ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். வளைகாப்பு முடியட்டும் என்று இவள் தள்ளிப் போட்டிருக்கிறாள். அனுசியாவுக்கு இது ஏழாம் மாசம், இந்த நேரத்தில் அவள் காதுக்குப் போகக்கூடாது என்று நினைத்தேன் என்றாள். உங்க அண்ணனை நீங்க பாத்திருக்கீய, அதான் உங்ககிட்டயும் சொல்லப் பயமா இருந்துது என்றாள். தவசிமுத்து கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்கச் சுடலைமாடன் ஹாலின் நடுவில் நின்று மேலேயும் கீழேயும் பார்த்தது அவருக்கு ஞாபகம் வந்தது. விலை போடவில்லை, அழாமல் இருப்பதற்காக எதையாவது பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"நாளைக்குப் போறோம்" என்றார்.

வளைகாப்பு என்று ஆரம்பித்தாள். அது நடக்கிறபோது நடக்கும், அனுசியாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். அவருடைய குரல் அவருக்கே புதிதாக இருந்தது. அவள் கையைப் பிசைந்துகொண்டே, ராத்திரியெல்லாம் உடம்பு அரிக்குது என்றாள், யாரிடமோ கோள் சொல்வதுபோல மெதுவாக. கையும் காலும் பரவாயில்லை, சொறிந்துகொள்ளலாம், முதுகில்தான் கை எட்டுவதில்லை, நீங்க முழிச்சிருவீயன்னு எந்திரிச்சுப் போயி அடுப்படிச் சுவத்துல தேச்சுக்கிடுவேன் என்றாள். தவசிமுத்து ஸ்டூலை நகர்த்தி அவள் பின்னால் போட்டு உட்கார்ந்தார். ரவிக்கைக்கு மேலே தெரிந்த முதுகில் சுவரில் உரசிய சிராய்ப்புகள் கோடு கோடாக இருந்தன. அந்த வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் தெரிந்தது. உப்பு அரித்துக் காய்ப்புக் காய்த்த கை அவருடையது. நகம் படாமல் உள்ளங்கையை அழுத்தி மேலும் கீழுமாகத் தேய்த்துவிட்டார். அவளுடைய தோள் முதலில் விறைப்பாக இருந்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. சுவிட்ச் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. இரண்டு பேரும் அதன் பக்கம் திரும்பவில்லை.

"கொஞ்சம் மேல" என்றாள் சுயம்புக்கனி.